"உங்களுக்கு வந்தால்?" என்பதா, "அவருக்கு எப்படி இருக்கும்?" என்பதா: ஒரு பயிற்சியை மாற்றுவதற்கு முன்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துவரும் சிறிய தன்னார்வக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது செவிலியர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, புரண்டு படுக்கக் கைகொடுப்பது, வீட்டில் இரவு பகலாகப் பார்த்துக்கொள்பவருக்கு இரண்டு மணி நேரமாவது ஓய்வு தருவது எங்கள் வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்கு அரைநாள் பயிற்சி உண்டு. அது எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறீர்கள். தாகமாக இருக்கிறது. கூப்பிடுகிறீர்கள், யாரும் வரவில்லை." ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறக்கும்போது பாதிப் பேர் கலங்கியிருப்பார்கள்.

இதைத் தொடர்வதா, மாற்றுவதா என்று இந்த மாதம் முடிவு செய்யவேண்டும். காரணம் இரண்டு. கலங்கியவர்களில் பலர் மூன்றாவது, நான்காவது வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் கல்மனம் என்று யாரும் சொல்ல முடியாது. பயிற்சியில் அதிகம் அழுதவர்களே அவர்கள்தான். இரண்டாவது காரணம் என் சொந்த விஷயம். கண்ணை மூடினால் எனக்கு எதுவும் தெரிவதில்லை. என் அம்மாவின் மூக்குத்தி எந்தப் பக்கம், நெற்றியில் தழும்பு எங்கே என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் அந்த முகம் உள்ளே எழாது. "மனக்கண்ணில் பார்த்தேன்" என்று மற்றவர்கள் சொல்வதை வெறும் சொல்வழக்கு என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அதனால் அந்த ஐந்து நிமிடமும் நான் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் ஆறு வருஷமாக வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

எங்கள் முன்னே இருக்கும் வழிகள் மூன்று. இப்போதைய வழி, தன்னையே அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்ற பழமொழியின் வழி இது. அடுத்தது, அவர் நிலையில் அவருக்கு என்ன தோன்றும் என்று நினைப்பது. மூன்றாவது, கற்பனையே வேண்டாம், நோயைப் பற்றிய தகவலையும் செய்யவேண்டிய வேலையையும் மட்டும் சொல்லிக்கொடுப்போம் என்பது. குழுவில் இளையவர்கள் பலர் இந்த மூன்றாவதைத்தான் கேட்கிறார்கள். முதலிரண்டும் ஒன்றுதானே என்று பலருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, படித்துப் பார்க்கும் வரை.

கண்ணை மூடினால் என்ன தெரிகிறது

ஃபிரான்சிஸ் கால்டன் 1880-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். இன்று காலை சாப்பாட்டு மேசை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். காட்சி தெளிவாகத் தெரிகிறதா, மங்கலா, நிறம் இருக்கிறதா என்று கேட்டார். நேரில் பார்ப்பது போலவே இருக்கிறது என்றவர்களும் உண்டு, எதுவுமே இல்லை என்றவர்களும் உண்டு. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த "எதுவுமே இல்லை" கூட்டத்தைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தவில்லை. 2015-இல்தான் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக நரம்பியலாளர் ஆடம் ஸீமனும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு அஃபன்டேசியா என்று பெயர் வைத்தார்கள். 2022-இல் வந்த ஒரு கணக்கின்படி, மனக்காட்சி இல்லாதவர்களும் மிக மங்கலாக உள்ளவர்களும் சேர்ந்து நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இருக்கிறார்கள். துளிகூட இல்லாதவர் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. நாற்பது பேர் பயிற்சிக்கு வந்தால் ஒன்றிரண்டு பேர் என்னைப் போல இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

மனக்காட்சி உண்மையிலேயே படம்போன்ற ஒன்றா என்பதில் உளவியலாளர்கள் நீண்ட காலம் சண்டை போட்டார்கள். ஸ்டீபன் கோஸ்லினும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் ஒரு கற்பனைத் தீவின் வரைபடத்தை ஆட்களுக்குக் காட்டி மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். குடிசை, கிணறு, மரம், ஏரி என்று ஏழு இடங்கள். பிறகு படத்தை எடுத்துவிட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மனத்திலேயே போகச் சொன்னார்கள். வரைபடத்தில் தூரம் கூடினால் மனத்தில் போகும் நேரமும் கூடியது. ஆகவே மனத்துக்குள் படம் விரிகிறது, அதன்மேல் பார்வை நகர்கிறது என்றார் கோஸ்லின். செனான் பிலிஷின் இதை ஏற்கவில்லை. தூரத்துக்குப் போக நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்ப்பது போல நினைக்கச் சொன்னால், பார்த்தால் என்ன நடக்குமோ அதையே மனிதர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். உள்ளே இருப்பது அறிவு, படமில்லை என்பது அவர் வாதம். 1990-களில் மூளைப் படங்கள் வந்தபோது, மனக்காட்சியின்போது கண் பார்வைக்கான மூளைப்பகுதியும் சேர்ந்து இயங்குவதாகக் கோஸ்லின் தரப்பு காட்டியது. பிலிஷின் கடைசி வரை அசையவில்லை.

இந்தச் சண்டை முழுதும் எங்களுக்குத் தேவைப்படாது. இரண்டு விஷயம் தேவை. ஸீமன் 2010-இல் விவரித்த ஒருவர், இதய சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு மனக்காட்சியை இழந்தவர். ஒரு முப்பரிமாண உருவத்தை மனத்தில் திருப்பிப் பார்த்து இன்னொன்றோடு ஒப்பிடும் சோதனையை அவர் சரியாகவே செய்தார். ஆனால் திருப்பவேண்டிய கோணம் கூடக்கூட நேரமும் கூடும் என்ற வழக்கமான போக்கு அவரிடம் இல்லை. படம் இல்லாமல் வேறு வழியில் விடைக்குப் போயிருக்கிறார். அதாவது, அறிவதற்குப் படம் கட்டாயமில்லை.

உணர்வின் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் விக்கன், கியோ, பியர்சன் மூவரும் 2021-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்துத் திரையில் ஒரு கதையை வரிவரியாகக் காட்டினார்கள். நீங்கள் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று தொடங்கி, தூரத்தில் ஏதோ கருப்பாகத் தெரிகிறது என்று போகும் பயங்கரக் கதை. பயத்தில் வியர்க்கும்போது தோலின் மின்கடத்தும் தன்மை கூடும், அதை அளந்தார்கள். மனக்காட்சி உள்ளவர்களுக்குக் கதை போகப்போக அளவு ஏறியது. அஃபன்டேசியா உள்ளவர்களுக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. ஆனால் பயங்கரமான புகைப்படங்களை நேரில் காட்டியபோது இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. பயப்படும் திறன் எல்லோருக்கும் உண்டு. சொல்லிலிருந்து பயத்துக்குப் போகும் பாலமாகத்தான் மனக்காட்சி இருக்கிறது.

இதைப் படித்தபோது எங்கள் பயிற்சிதான் நினைவுக்கு வந்தது. "நீங்கள் கிடக்கிறீர்கள், கூப்பிடுகிறீர்கள், யாரும் வரவில்லை" என்பது அமைப்பில் அந்தக் கடல் கதையேதான். விக்கன் குழு அளந்தது பயத்தை, பரிவை அளக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது. ஆனால் எங்கள் பயிற்சியும் பெரும்பாலும் பயத்தைத்தான் எழுப்புகிறது என்று இப்போது நம்புகிறேன். காட்சி தெளிவாக எழுபவர்களுக்கு அது தாங்கமுடியாத அளவில் போய்ச் சேர்கிறது, எனக்கு ஒன்றுமே சேர்வதில்லை. இப்படி ஆளுக்கு ஆள் மாறும் மருந்தை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அழுதவர்கள் ஏன் நின்றுவிட்டார்கள்

எஸ்ரா ஸ்டாட்லண்ட் 1969-இல் ஒரு நல்ல வேறுபாட்டைக் கொண்டுவந்தார். சூட்டால் வலிப்பது போல நடிக்கும் ஒருவரைப் பார்க்கவைத்து, சிலரிடம் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கச் சொன்னார். சிலரிடம் அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கச் சொன்னார். இரண்டும் ஒரே விளைவைத் தரவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் பேட்சனும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். துயரத்தில் இருக்கும் ஓர் இளம்பெண்ணின் வானொலிப் பேட்டியைக் கேட்கவைத்தார்கள். "அவளுக்கு எப்படி இருக்கும்" என்று நினைத்தபடி கேட்டவர்களிடம் பரிவு எழுந்தது. "எனக்கு எப்படி இருக்கும்" என்று நினைத்தபடி கேட்டவர்களிடம் பரிவும் எழுந்தது, கூடவே தன் மனமே கலங்கும் துன்பமும் எழுந்தது.

பரிவும் கலக்கமும் சேர்ந்தே இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? இதற்கு விடை பேட்சனின் 1981-ஆம் வருஷச் சோதனையில் இருக்கிறது. எங்கள் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டிய சோதனை என்று நினைக்கிறேன்.

எலெய்ன் என்ற பெண் மின் அதிர்ச்சி வாங்குவதை 44 மாணவிகள் திரையில் பார்த்தார்கள். உண்மையில் அது நடிப்பு, முன்பே பதிவு செய்தது. பத்துச் சுற்று அதிர்ச்சி. எலெய்ன் துடிக்கிறாள், சிறுவயதில் குதிரையிலிருந்து மின்வேலிமேல் விழுந்த கதையைச் சொல்கிறாள். அப்போது பார்ப்பவளிடம், அவள் இடத்தில் நீ உட்காருகிறாயா என்று கேட்கிறார்கள். சிலருக்கு இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. மற்றவர்கள் பத்தையும் பார்த்தே ஆகவேண்டும். இன்னொரு பிரிவும் இருந்தது: சிலருக்கு எலெய்ன் தன்னைப் போன்றவள் என்று தோன்றும்படியும், சிலருக்கு வேறுபட்டவள் என்று தோன்றும்படியும் செய்திருந்தார்கள். தன்னைப் போன்றவள் என்றால் பரிவு கூடும் என்பது கணக்கு.

பரிவு குறைந்தவர்களில், பார்த்தே ஆகவேண்டிய நிலையில் இருந்தோர் 64 சதவீதம் இடம் மாற முன்வந்தார்கள். வெளியே போகலாம் என்ற நிலையில் இருந்தவர்களில் 18 சதவீதம் மட்டுமே. அவர்களை உந்தியது தங்கள் கலக்கம். அதை அடக்கக் கதவு திறந்திருந்தால் போதும். பரிவு கூடியவர்களிடம் கதவு எந்த வேலையும் செய்யவில்லை. போகலாம் என்ற நிலையில் இருந்தவர்களில் 91 சதவீதம், போகமுடியாதவர்களில் 82 சதவீதம் இடம் மாற முன்வந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் 11 பேர்தான் என்பதால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பதில் குழப்பமில்லை.

தன்னார்வலருக்குக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. சம்பளம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. இந்த ஞாயிறு விருந்தாளி வருகிறார்கள் என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் நாங்கள் முதல் நாளிலேயே தன் கலக்கத்தைக் கிளறிவிட்டு, பிறகு வா என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். எங்களோடு இரண்டு மாதம் வந்து நின்றுவிட்ட ஒரு தங்கை, "ஒவ்வொரு கட்டில்லயும் நானே கிடக்கிற மாதிரி இருக்குக்கா, ராத்திரி தூக்கமே வரல" என்று சொன்னாள். அன்று அதைப் பலவீனம் என்று எடுத்துக்கொண்டோம். அவளிடம் நாங்கள் கேட்டது அதைத்தான், அவள் அதைச் சரியாகச் செய்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பேட்சனை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பரிவு கூடியவர்களும் தங்கள் சோகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் உதவுகிறார்கள் என்று ராபர்ட் சியால்டினி 1987-இல் வாதிட்டார். மனநிலையை அப்படியே உறையவைக்கும் மருந்து என்று சொல்லி ஒன்றைக் கொடுத்து, இனி உதவினாலும் சோகம் மாறாது என்று நம்பவைத்தபோது உதவி குறைந்ததைக் காட்டினார். 1989-இல் பேட்சன் மறுத்தார்: வேறு வழியில் மனம் சந்தோஷப்படப்போகிறது என்று தெரிந்தும் பரிவு கொண்டவர்கள் உதவினார்கள். 1997-இல் சியால்டினி மறுபடியும் வந்து, அவரும் நானும் ஒன்று என்ற உணர்வே காரணம், அப்படியானால் அது பிறருக்குச் செய்வதாகுமா என்று கேட்டார். தத்துவமாக இது பெரிய கேள்விதான். கட்டிலில் இருப்பவருக்கு நாம் எந்த நோக்கத்தில் தண்ணீர் கொடுத்தோம் என்பது பொருட்டில்லை, அடுத்த வாரமும் வருவோமா என்பதுதான் பொருட்டு. அதனால் இந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவைக்கிறேன்.

2014-இல் ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழு செய்த பயிற்சி ஆய்வும் இதே பக்கம் சாய்கிறது. துன்பத்தைக் காட்டும் காணொளிகளுக்கு முன், பிறர் வலியைத் தன் வலியாக உணரப் பயின்றபோது மனச்சுமை கூடியது. பிறகு அதே ஆட்களுக்கு அக்கறையை வளர்க்கும் பயிற்சி கொடுத்தபோது சுமை குறைந்து நல்லுணர்வு கூடியது. ஆக முதல் வழியை விடவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் இரண்டாவது வழிதானா

அப்படித்தான் முடிவெடுக்க இருந்தேன். இரண்டு ஆய்வுகள் நிறுத்தின.

மெக்காலிஃபும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் இத்தகைய சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கச் சொன்னவர்களையும், எதுவுமே சொல்லாமல் விட்டவர்களையும் ஒப்பிட்டால் பரிவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பழைய சோதனைகளில் வித்தியாசம் தெரிந்ததற்குக் காரணம், எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களுக்கு "உணர்ச்சிவசப்படாமல் விலகி நின்று பாருங்கள்" என்று சொல்லியிருந்தது. அந்த வாக்கியம்தான் பரிவைக் குறைத்திருக்கிறது. மனிதர்களைச் சும்மா விட்டாலே இரங்குகிறார்கள்.

மூன்றாவது வழியின்மேல் எனக்கிருந்த சின்ன ஆசையும் இதோடு போனது. தகவல் தருவது நல்லது. படுக்கைப்புண் எப்படி வருகிறது, எத்தனை மணிக்கொரு முறை திருப்பவேண்டும் என்று கட்டாயம் சொல்லித்தரவேண்டும். ஆனால் அதோடு "மனசை வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்று நாங்கள் அக்கறையாகச் சேர்க்கும் அறிவுரைதான் கெடுதல். பயிற்சியின் முதல் பாதியில் கலக்கத்தை ஏற்றிவிட்டு, இரண்டாம் பாதியில் அதைச் சமாளிக்கப் பரிவையும் அணைக்கச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்தது ஏயல், ஸ்டெஃபல், எப்லி மூவரும் 2018-இல் வெளியிட்ட 25 சோதனைகள். இன்னொருவர் நிலையில் நின்று நினைப்பதால் அவர் மனத்தில் இருப்பதைச் சரியாகக் கணிக்கமுடிகிறதா என்று பார்த்தார்கள். முடியவில்லை. சரியாகத் தெரிந்துகொண்டவர்கள், நேரே கேட்டவர்கள்.

இதற்கு எனக்கு ஆய்வே தேவைப்பட்டிருக்கக்கூடாது. பக்கவாதம் வந்து கிடந்த ஒரு தாத்தாவை நாங்கள் ஐந்து வாரம் பார்த்துவந்தோம். தனிமையில் வாடுகிறார் என்று முடிவுகட்டி, முறைபோட்டுப் பேச்சுத்துணைக்குப் போனோம். ஒருநாள் எங்கள் மூத்த அக்கா, "ஐயா, உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டார். கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார் தாத்தா. தலைமாடு வாசல் பக்கம் இருந்ததால் தெருவில் யார் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. நான்கு பேர் சேர்ந்து திருப்பிப் போட்டோம், மூன்று நிமிஷ வேலை. அதன் பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் அவரே தெருக்கதை சொன்னார்.

நோட்டீஸும் ஏர் பெட்டும்

நன்கொடை நோட்டீஸ் பற்றியும் இதே கூட்டத்தில் பேசவேண்டியிருக்கிறது. ஒரு நோயாளியின் படத்தைப் போட்டால்தான் பணம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் 2007-இல் செய்த சோதனை அவர்கள் பக்கம். ஐந்து டாலர் கையில் கொடுத்துக் கேட்டபோது, மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படத்துக்குச் சராசரியாக 2.38 டாலர் வந்தது. பஞ்சப் புள்ளிவிவரத்துக்கு 1.14, இரண்டையும் சேர்த்தால் 1.43. ஆனால் பின்னால் வந்த தொகுப்பாய்வு இந்த விளைவு மிகச் சிறியது என்றது. 2023-இல் ஆயிரம் பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது விளைவு தெரியவே இல்லை. இவ்வளவு சந்தேகமான பலனுக்காக, வேண்டாம் என்று சொல்லும் நிலையில்கூட இல்லாத ஒருவரின் முகத்தை ஊருக்குக் காட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் ஒரு ஏர் பெட் என்ன விலை, ஒருவருக்கு மாதம் எத்தனை டயாப்பர் வேண்டும் என்று போட்டால் போதும்.

அந்த ஏர் பெட் யாருக்கு முதலில் என்பதில் மட்டும் எண்களும் பட்டியலும்தான் பேசவேண்டும். பேட்சனே 1995-இல் இதைச் சோதித்திருக்கிறார். தீராத நோயுள்ள பத்து வயதுச் சிறுமி, உதவிக்குக் காத்திருப்போர் பட்டியலில் பின்னால் இருக்கிறாள். அவள் மனநிலையை நினைத்துப் பார்க்கச் சொன்னபோது நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் அவளை மற்றவர்களுக்கு முன்னால் தூக்கிப்போட்டார்கள். விலகி நின்று பார்க்கச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்கினர்தான். வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்த, அவளைவிட அவசரமான பிள்ளைகளை யாரும் நினைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. எனவே, வீட்டுக்குப் போய்வருபவர் அந்த வீட்டுக்காக வாதாடலாம், ஏர் பெட் பட்டியலில் கைவைக்கக்கூடாது என்று எழுதிவைக்கப் பரிந்துரைக்கிறேன்.

பயிற்சிக்கு நான் முன்வைக்கப்போவது இது. கண்ணை மூடும் ஐந்து நிமிடம் வேண்டாம். "மனசை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்" என்ற வாக்கியமும் வேண்டாம். அந்த நேரத்தில், வர முடிந்த ஒரு நோயாளியோ, இல்லாவிட்டால் வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஒருவரோ வந்து, தங்களுக்கு இந்த வாரம் எப்படிப் போனது என்று பேசட்டும். புதியவர்கள் கேள்வி கேட்கட்டும். பிறகு முதல் வீட்டுக்குப் போய் வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதவேண்டும்: அவருக்கு என்ன தேவைப்படும் என்று போவதற்கு முன் நினைத்தீர்கள், கேட்டபோது அவர் என்ன சொன்னார். நின்றுவிட்ட தங்கையையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை, ஞாயிறு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.